பன்னெண்டு ஜோடிக் காலு

பழைய கோயிலு, பழைய கோயிலுன்னு இப்ப எல்லாரும் மரியாதையா பேசறாங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருப்பானா? ஓடு சரிஞ்சு, உள்ள வேலிக்காத்தான் மொளைச்சு, மழை பெஞ்சா ஆடுங்க போய் ஒண்டற எடமா கெடந்துது. அப்ப அதுக்கு ஓனருன்னு எவனும் வரல. நாங்க கூட்டிப் பெருக்கி லைட்டு போட்டதும் ஆளாளுக்குப் பட்டா தூக்கிக்கினு வந்துட்டானுங்க.

எங்க ஊரு வேப்பேரிக்குப்பம். திண்டிவனத்துல இருந்து மரக்காணம் ரோட்டுல வந்தா, பெருமுக்கல் மலைக்கு முன்னாடியே எறங்கிடணும். என் பேரு கண்ணையன். மைக்செட் வெச்சிருக்கேன். நான் வேதக்காரன் இல்ல, எங்க வூட்டுல மாரியாத்தா. ஆனா காலனியில பாதி வூடு சிலுவை, பாதி வூடு சூலம், பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்து எல்லாம் ஒண்ணா கலந்து கெடக்கறோம். அதனால நான் சொல்றதுல மதம் கிதம்னு எதையும் தேடாதீங்க. இது வேற வெவகாரம்.

அந்தக் கோயிலு வெள்ளைக்காரச் சாமியாரு காலத்துல கட்டினது. ஊர்த்தெருக் கிறிஸ்தவங்களும் காலனிக் கிறிஸ்தவங்களும் அதுலதான் பூசை பாத்தாங்க. ஒண்ணா உக்காந்து பாத்தாங்கன்னு நெனைச்சுடாதீங்க. அவங்க நடுக்கோயில்ல, நம்மாளுங்க வடக்குப் பக்கம் தனியா எறக்கின தாவாரத்துல. நடுவுல இரும்புக் கம்பி. ஒரு வருசம், மாதா தேரு காலனிக்குள்ளயும் வரட்டும்னு நம்ம பசங்க கேட்டாங்க. கேட்டதுதான் தப்பாப் போச்சு. மண்டை ஒடைஞ்சு, கேஸாயி, கடைசியில ஊர்த்தெருக்காரங்க ரோட்டோரமா வேற கோயிலே கட்டிக்கினு போயிட்டாங்க. பூசைக்கு நம்மாளுங்களும் இப்ப அங்கதான் போறாங்க. அங்க கம்பி கிடையாது. கம்பி இல்லாமயே யார் யாரு எங்க நிக்கணும்னு எல்லாருக்கும் தெரியுது.

பாழாக் கெடந்த கட்டடத்தை நாடகக் கொட்டாய் ஆக்கினது பிரபாவதி. ப்ளஸ்டூ வரைக்கும் படிச்சவ, கல்லு மண்ணு தூக்கற சித்தாளு. அவ புருசன் அன்புச்செல்வன் கொத்தனாரு. வானூரு பக்கம் வெளியூர்க்காரங்க கட்டற பெரிய பெரிய வூடுங்கள்ல ரெண்டு பேருக்கும் வேலை. ஞாயித்துக்கெழமையானா காலனி ஜனம் மொத்தமும் கூடிடும். சைட்டுல மிஞ்சின சிமெண்டு, ஒடைஞ்ச டைல்ஸு, வளைஞ்ச கம்பின்னு கொண்டாந்து கொண்டாந்து ஒரு வருசத்துல கட்டடத்தை நிமித்திட்டாங்க. பீடம் இருந்த எடத்துல ஆடக்கூடாதுன்னு பிரபா கறாரா சொல்லிட்டா. அதனால மேடை வாசப்பக்கம். ஜனங்க உக்காரறது பீடத்துப் பக்கம். வெளிய போகணும்னா மேடையை ஒட்டித்தான் போகணும், அது ஒண்ணுதான் தொந்தரவு. மத்தபடி, கம்பிக்கு அந்தாண்ட நின்ன ஜனம் பீடத்துல சம்மணம் போட்டு உக்காந்து மல்லாட்டைக் கடலை தின்னுக்கினு நாடகம் பாக்கறதைப் பாத்தா எனக்கு வயிறு குளுந்து போகும்.

வருசம் பூரா ஏதாவது நாடகம் நடக்கும். கூலியைப் பத்தி, குடியைப் பத்தி, பொம்பளைப் புள்ளைங்க படிப்பைப் பத்தி. எல்லாம் பிரபா எழுதறதுதான். பெரிய வெள்ளிக்கு மட்டும் யேசு பாடுபட்ட நாடகம். யேசு வேஷம் பதினோரு வருசமா அன்புதான். அந்த வேஷம் கட்டறவனுக்கு எங்க கொட்டாயில ஒரு கட்டுப்பாடு உண்டு. சாம்பல் புதன்ல ஆரம்பிச்சு நாப்பது நாளும் காலுல செருப்பு போடக்கூடாது. கொத்தனாருக்கு இது எப்பேர்ப்பட்ட பேஜாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கலவையில கால வெச்சா சிமெண்டு தின்னுடும். வெரலு சந்துல புண்ணு, குதிகாலு பாளம் பாளமா வெடிச்சுக்கும். மேஸ்திரி திட்டுவாரு. அன்பு சிரிச்சுக்கினே போயிடுவான். அவனுக்கு வாயும் கம்மி, கோவமும் கம்மி. வூட்டுக்கு வேண்டிய கோவத்தை மொத்தமா பிரபாதான் வாங்கி வெச்சிருந்தா.

போன வருசம் நாடகத்தை எவனோ போன்ல புடிச்சுப் போட்டுட்டான். பாண்டிச்சேரியில இருந்தெல்லாம் ஆளு வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. பேப்பர்ல போட்டோ வந்துது. ஆயரே, அதான் பிஷப்பு, இந்த வருசம் பாக்க வராருன்னு பேச்சு கெளம்பிச்சு. உடனே ஊர்த்தெருவுக்கு வயித்தெரிச்சல். தவக்காலம் மூணாவது வாரம், சவரிநாதன் வண்டியை எடுத்துக்கினு நேரா கொட்டாய்க்கே வந்துட்டாரு. அவர்தான் பங்குக் கமிட்டித் தலைவரு. ரோட்டுக்குக் கெழக்க இருக்கற மல்லாட்டைக் கொல்லையில பாதி அவருது. காலனிப் பொம்பளைங்க புடுங்கப் போறது அங்கதான்.

வந்தவரு உக்காரல. ஒத்துமை, சமாதானம், பங்குக்கு நூத்தம்பதாவது வருசம்னு என்னென்னவோ பேசினாரு. பழசெல்லாம் மறந்துடலாம், ஊரும் காலனியும் சேந்தே நாடகம் நடத்தலாம்னாரு. எனக்கு அப்பவே சந்தேகம். கடைசியில வெசயத்துக்கு வந்தாரு.

"எல்லா வேஷமும் உங்காளுங்களே கட்டட்டும். யேசு மட்டும் எங்க ரீகன் கட்டட்டும். சிலுவையில இருந்து எறக்கினப்பறம் காலைத் தொட்டு முத்தம் குடுக்க ஜனங்க வருவாங்க இல்ல. இந்த வருசம் எங்க வூட்டுப் பொம்பளைங்களும் வருவாங்க. நான் சொல்றது புரியுதில்ல அன்பு?"

அன்பு தரையைப் பாத்துக்கினு நின்னான். பிரபாதான் கேட்டா, இல்லன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்கன்னு.

"நான் இன்னாம்மா பண்ணப் போறேன். கட்டடம் பங்கு பேருல கீது. திருவிழாவுக்கு சமையக்கூடம் வேணும்னு கமிட்டியில நச்சரிச்சுக்கினு இருக்காங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

ரீகன் அவரு புள்ளை. விழுப்புரத்துல இன்ஜினியரிங் முடிச்சுட்டு வூட்டுல இருந்தான்.

பிரபாவும் அன்புவும் பங்குச் சாமியாரைப் போய்ப் பாத்தாங்க. மனுசன் நல்லவருதான், ஆனா மே மாசம் மாத்தல் வருதுன்னு மூட்டை கட்டிக்கினு உக்காந்திருந்தாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கன்னாரு. எங்க ஜனம் பொறந்ததுல இருந்து கேட்டுக்கினு இருக்கற ஒரே அருள்வாக்கு அதுதான். யாரு அனுசரிக்கணும்னு மட்டும் அதுல எப்பவும் சொல்ல மாட்டாங்க.

மறுநாள் சாயங்காலம், மைக்கு ஒயரு ஒண்ணு வாங்கலாம்னு அன்பு வூட்டுப் பக்கம் போனேன். சைட்டுல இருந்து அப்பதான் வந்திருக்காங்க. பங்குனி வெயிலுல ரெண்டு பேரு மூஞ்சும் கருகிக் கெடந்துது. அன்பு கேப்பைக் கூழு குண்டானைப் பக்கத்துல வெச்சுக்கினு குடிக்காம உக்காந்திருந்தான். பிரபா நின்னுக்கினு கத்திக்கினு இருந்தா. என்னைப் பாத்ததும் நிறுத்துவான்னு நெனைச்சேன். "வாண்ணா, நீயும் கேளு இந்த அநியாயத்தை"ன்னு என்னையும் உள்ள இழுத்துட்டா. வழியில இவன் மட்டும் போய்ச் சவரிநாதனைப் பாத்து, சரிங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கான் அன்பு.

"யாரைக் கேட்டுய்யா சரின்ன?"

"கட்டடம் போயிடும் பிரபா."

"போவட்டும்."

"லேசா சொல்லிட்ட. நாப்பது புள்ளைங்க சாயங்காலம் அங்கதான் உக்காந்து படிக்குது. இந்த வூட்டுல கால நீட்டி உக்கார எடமிருக்குதா? நம்ம தெருவுல ஒரு சாவுன்னா, ஒரு சடங்குன்னா, ஏரி ஒடைச்சுக்கினு தண்ணி வந்தா, எல்லாத்துக்கும் அதான் போக்கிடம். ஒரு வேஷத்துக்காக அதை வுட சொல்றியா?"

"நான் வேஷத்துக்கா அடிச்சுக்கறேன்? உன் காலை அவங்க வூட்டுப் பொம்பளைங்க தொட மாட்டாங்களாம். அதை நம்ம கொட்டாயிலயே வந்து, நம்ம மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. புரியுதில்லன்னு வேற கேக்கறாரு. நீ சரிங்கன்ற. பதினோரு வருசமா சிமெண்டுல வெந்துக்கினு நின்னது இதுக்குத்தானா?"

"அவரு சொன்னது எனக்குப் புரியலன்னு நெனைக்கறியா நீ?"

அவ்ளோதான் கேட்டான். அதுவும் மெதுவாத்தான் கேட்டான். பிரபா கூழு குண்டானை எடுத்துக்கினு போய் உள்ள வெச்சுட்டா. நான் ஒயரைக் கேக்காமயே வந்துட்டேன்.

யூதாஸ் வேஷத்துக்கு எங்க ஊருல எவனும் லேசுல வர மாட்டான். கட்டினா அந்த வருசம் பூரா டீக்கடையில அதே பேருதான். போன வருச யூதாஸ் துபாய்க்கே போயிட்டான். அந்த வேஷத்தை அன்பு எடுத்துக்கிட்டான். எடுத்தவன் செருப்பைப் போட வேண்டியதுதானே? போடல. நடுவுல எப்படி வுடறதுன்னான். எனக்கு அவனை ரெண்டு அறை வுடலாம் போல இருந்துது.

ஒத்திகை ஆரம்பிச்சுது. ரீகனைப் பத்தி நான் பொய் சொல்லக் கூடாது. பையன் நேரத்துக்கு வந்தான், வசனத்தை ஒழுங்கா பாடம் பண்ணான், பிரபாவை அக்கான்னு கூப்பிட்டான். செருப்பு கட்டுப்பாட்டைச் சொன்னப்ப ரெண்டு நாள் நடந்தும் பாத்தான், மூணாம் நாள் அவங்க அம்மா வுடல. அப்பன்காரருதான் தெனமும் நாற்காலி போட்டு நடு பீடத்துல உக்காந்துடுவாரு. கையில அப்படி வேணாம், தலையை இப்படித் தூக்குன்னு மகனுக்கு அங்க இருந்தே சொல்லுவாரு. பிரபா பல்லைக் கடிச்சுக்கினு சொல்லிக் குடுத்தா.

குருத்து ஞாயிறு அன்னைக்குத்தான் கடைசி ராப்போஜனக் கட்டம் எடுத்தோம். பன்னெண்டு சீடருங்களும் வரிசையா பெஞ்சுல உக்காந்தாங்க. மொதல்ல மாசிலாமணி. செண்ட்ரிங் வேலை பாக்கறவன், அவன்தான் பேதுரு. கடைசியில அன்பு. பிரபா நோட்டைப் பாத்துப் படிச்சா. "இப்ப நீ எழுந்து, இடுப்புல துண்டைக் கட்டிக்கினு, தண்ணி எடுத்து இவங்க பன்னெண்டு பேரு காலையும் கழுவித் தொடைக்கணும் தம்பி."

ரீகன் அப்பன் மூஞ்சைப் பாத்தான்.

சவரிநாதன் எழுந்து வந்து, இதை எப்ப சேத்தீங்கன்னு கேட்டாரு.

"நாங்க சேக்கலைங்க. அது வேதத்துலயே கீது"ன்னா பிரபா.

எனக்குச் சிரிப்பு தாங்கல. மைக்கு ஆன்ல இருந்ததை மறந்துட்டேன், கட்டடம் பூரா கேட்டுது. சிரிக்காம இன்னா பண்றது? வருசா வருசம் பெரிய வியாழக்கெழமை பூசையில சாமியாரு பன்னெண்டு பேருக்குக் காலு கழுவறாரு. மொத ஆளா உக்காந்து காலை நீட்டறவரே இந்தச் சவரிநாதன்தான். ஆனா அவங்க புத்தியில காலு கழுவறதுன்னா அவங்க காலை ஒருத்தர் கழுவறது. கழுவற எடத்துல அவங்க புள்ளை குனிஞ்சு நிக்கும், எதுத்தாப்ல காலனிக்காரன் உக்காந்திருப்பான்னு ஒறைக்கவே இல்ல. யேசு வேஷம்னா ஒசந்த வேஷம்னு மட்டும் தெரிஞ்சு அவசர அவசரமா புடுங்கிக்கினாங்க.

அப்பறம் ஆரம்பிச்சுது பஞ்சாயத்து. அந்தக் கட்டத்தையே எடுத்துடுங்கன்னாரு. முடியாதுன்னா பிரபா. அப்ப அந்தக் கட்டத்துக்கு மட்டும் எங்க பசங்க பன்னெண்டு பேரு வந்து உக்காரட்டும், முடிஞ்சதும் எழுந்துடுவாங்கன்னாரு. அதுக்கு மாசிலாமணி கேட்டான் பாருங்க, "வசனம் பேசறதும் அடி வாங்கறதும் நாங்க, காலு மட்டும் உங்களுதாங்களா?" நானே எழுந்து போய் அவன் முதுகுல தட்டிட்டு வந்தேன்.

அதையும் தணிச்சு வெச்சது அன்புதான். கையால கழுவ வேணாம், நின்னுக்கினே செம்புல இருந்து தண்ணியை ஊத்தினா போதும்னான். சவரிநாதன் யோசிச்சு, சரி, தொடாம ஊத்தட்டும்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு. பிரபா அன்னையில இருந்து புருசன்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. ஒரே சைட்டு, ஒரே வூடு, அஞ்சு நாளு ஒரு வார்த்தை கெடையாது. அந்த வாரம் சவரிநாதன் கொல்லையில மல்லாட்டை புடுங்க ஆளு கேட்டாங்க. நம்ம பொம்பளைங்க பாதிப் பேரு போகல.

பெரிய வெள்ளி. காலையிலயே வெயிலு மண்டையப் பொளந்துது. புதுக் கோயில்ல சிலுவைப் பாதை முடிஞ்சு, கஞ்சி ஊத்தி, ஜனங்க அப்படியே அஞ்சு மணிக்குப் பழைய கோயிலுக்கு வந்துட்டாங்க. ஊர்த்தெரு ஜனம் இந்தக் கட்டடத்துக்குள்ள கால வெச்சது இருவது வருசத்துக்கப்பறம் அன்னைக்குத்தான். அவங்களுக்கு நாற்காலி, நம்ம ஜனத்துக்குத் தரை. நான் நாற்காலி போடலைங்க, அவங்களே கொண்டாந்து போட்டுக்கிட்டாங்க. ஆயரு வரல, ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மொத வரிசை நடுவுல சவரிநாதன், பக்கத்துல அவரு சம்சாரம்.

நாடகம் நல்லாத்தான் போச்சு. ராப்போஜனக் கட்டம் வந்துது. பன்னெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து காலைத் தரையில வெச்சாங்க. ரீகன் இடுப்புல துண்டைக் கட்டினான். செம்பை எடுத்தான். மாசிலாமணி காலு மேல ஒரு மொழ ஒசரத்துல இருந்து தண்ணியை ஊத்தினான். செடிக்கு ஊத்தறாப்ல ஊத்திக்கினே ஒவ்வொரு ஆளா நகந்து போனான். பிரபா மேடை ஓரத்துல நோட்டை வெச்சுக்கினு நின்னுக்கினு இருந்தா, நோட்டைப் பாக்கல.

பதினோரு பேரு ஆச்சு. கடைசியா அன்பு. அவன் காலைப் பாத்துட்டு ரீகன் நின்னுட்டான். நாப்பது நாளு கலவையில வெந்த காலு. வெரலுக்கு வெரலு சதை பிஞ்சு, குதிகாலுல ரத்தம் கட்டிக் கெடந்துது. பையன் செம்பைக் கீழ வெச்சான். மண்டி போட்டான். ரெண்டு கையாலயும் அந்தக் காலைத் தூக்கினான். அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல அதை.

"டேய், எந்திரிடா"ன்னு சவரிநாதன் குரலு கேட்டுது. நாடகம் நடந்துக்கினு இருக்குது, முன்னூறு பேரு பாத்துக்கினு இருக்கறாங்க, அந்த நெனைப்பே இல்ல அவருக்கு. ரீகன் நிமிந்து பாத்தான். மறுபடியும், "காலை வுட்டுட்டு எந்திரின்னேன்." பையன் அந்தக் காலைத் தரையில வெச்சுட்டு எழுந்து ரெண்டடி பின்னால போயிட்டான்.

எனக்கு மைக்கை ஆஃப் பண்ணலாமா வேணாமான்னு தெரியல. அப்ப அன்பு எழுந்தான். ரீகன்கிட்டப் போயி, அவன் இடுப்புல இருந்த துண்டை அவுத்துத் தன் இடுப்புல கட்டிக்கிட்டான். அந்தப் பையன் தடுக்கல. அன்பு செம்பையும் ஓரமா இருந்த தாம்பாளத்தையும் எடுத்துக்கினு மேடையை வுட்டு எறங்கினான். நேரா மொத வரிசைக்குப் போயி, சவரிநாதன் எதுர்ல மண்டி போட்டான்.

பிரபா மூஞ்சைப் பாத்தேன். செத்துப் போன மூஞ்சு. இவன் மறுபடியும் கும்புடப் போயிட்டான்னு அவ நெனைச்சா. நானும் அதைத்தான் நெனைச்சேன். ஏண்டா உனக்கு இவ்ளோ கேவலமான பொறப்புன்னு மனசுக்குள்ள அவனைத் திட்டினேன்.

"காலைக் குடுங்க. கழுவி வுடறேன்"னான் அன்பு.

அன்பு கையை நீட்டினான். அந்த ஆளு வெடுக்குனு ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கிட்டாரு. அறுவது வயசு மனுசன், கமிட்டித் தலைவரு, வெள்ளை வேட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில முட்டியைக் கட்டிக்கினு குந்தி உக்காந்திருந்தாரு. அன்பு நவுரல. நீட்டின கை நீட்டினபடியே கெடந்துது. ஊர்த்தெரு வரிசையில பாதிப் பேரு அவங்கவங்க காலை நாற்காலிக்குக் கீழ இழுத்துக்கிட்டாங்க. நான் பாத்தேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

"அப்பா, காலை எறக்குங்கப்பா"ன்னான் ரீகன். மேடையில இருந்து சொன்னான், மைக்குல கேட்டுது. அவரு எறக்கல.

பிரபா மேடையை வுட்டு எறங்கி வந்து புருசன் பின்னாடி நின்னா. அஞ்சு நாளைக்கப்பறம் அவன்கிட்டப் பேசறா. குரலு ஒசரவே இல்ல.

"எந்திரிய்யா. அவருக்குக் காலு இல்ல போல. இருக்கறவங்களுக்குப் போய்க் கழுவு."

அன்பு எழுந்து மேடைக்குப் போனான். மாசிலாமணிகிட்ட ஆரம்பிச்சான். கையால தேச்சு, வெரலு சந்தெல்லாம் கழுவி, துண்டால தொடைச்சான். ஊர்த்தெருக்காரங்க எழுந்தாங்க. வாச மேடைப் பக்கம்தானே, அந்தப் பன்னெண்டு பேரு காலையும் தாண்டித்தான் போகணும். ஒருத்தரு பின்னாடி ஒருத்தரா தலையைக் குனிஞ்சுக்கினு போனாங்க. சவரிநாதன் கடைசியா வந்தாரு. அன்புகிட்ட நின்னாரு.

"நாளைக்குக் காலையில இதுக்குப் பூட்டு போடலன்னா என் பேரு சவரிநாதன் இல்ல."

அன்பு கழுவிக்கினு இருந்த காலுல இருந்து கையை எடுக்கல.

"போட்டுக்குங்க. என்னை இன்னும் அடிக்கணும், துப்பணும், சிலுவையில அறையணும். ஒரு மணி நேரம் ஆவும். அதெல்லாம் முடிஞ்சப்பறம் பூட்டுங்க."

சொன்னபடி சனிக்கெழமை விடியக்காத்தாலயே பூட்டிட்டாங்க. புள்ளைங்க இப்ப என் மைக்செட் கொட்டாயில உக்காந்து படிக்குதுங்க, பாதிப் புள்ளைங்களுக்கு எடம் பத்தல, தெருவுல உக்காருதுங்க. போன வாரம் மழையில நோட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. அன்னைக்கு நீ ஏண்டா அப்படிப் பண்ணேன்னு காலனியில இதுவரைக்கும் ஒரு ஆளு அன்புவைக் கேக்கல.